சபூரா அள்ளாமல் விட்ட செவ்வாய்க்கிழமை

செய்தியைக் கொண்டு வந்தவர் தனலட்சுமி, எங்களுக்குத் தனம். எங்கள் விடுதியின் வரவேற்பு மேசையில் பல வருஷமாக உட்கார்ந்திருப்பவர். அம்பகரத்தூரிலிருந்து வரும் காலைப் பேருந்தில் இறங்கி, கையிலிருந்த பையைக்கூட வைக்காமல் என் முன்னால் வந்து நின்றார். நான் அப்போது வெந்நீர் வரவில்லை என்று கூச்சல் போட்ட ஒருவரிடம் பதிலுக்குக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தேன். "சபூராம்மா தவறிட்டாங்களாம் சார், காலையில" என்றார். வெந்நீர்க்காரரை எப்படிச் சமாதானப்படுத்தி அனுப்பினேன் என்று நினைவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பதரை. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ரெண்டு மணிக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. அதற்கப்புறம்தான் அவர் சொன்ன செய்தி புரிந்தது.

அந்த ரெண்டு மணி என்னவென்று நம் விடுதிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த இரங்கல் கூட்டத்துக்கு அவருடைய சொந்தக்காரர்களும் தெருக்காரர்களும் வந்திருக்கிறார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். திருநள்ளாற்றில் நம்மில் பலருடைய அறைப் பதிவுகள் காரைக்காலில், ஒரு கடைமாடியில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான் போய்ச் சேர்கின்றன. யார் வந்தார், எந்த அறை, எப்போது காலி செய்தார், எல்லாம். அந்தப் பதிவுக் கிடங்குக்கு டேட்டாபேஸ் என்று பெயர். அதைப் பார்த்துக்கொண்டவர் சபூரா பேகம். வாரத்தில் கூட்டம் மெலிந்திருக்கும் நேரமாகப் பார்த்து, செவ்வாய்க்கிழமை ரெண்டு மணிக்கு ஒவ்வொரு விடுதிக்கும் போன் செய்வார். "நோட்டை எடுங்கண்ணே, ஒரு மணி நேரம்" என்பார். அந்த ஒரு மணி நேரமும் நாம் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. வருகிறவர்களின் பெயரை நீள நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். அதற்குள் அவர் டேட்டாபேஸைச் சுத்தம் செய்து, அதில் வீணாக அடைபட்டுக் கிடக்கும் இடத்தை மீட்டு எடுத்துவிடுவார். மூன்று மணிக்கு மறுபடி போன் வரும். "நோட்டை மூடுங்கண்ணே" என்பார். தவறுவதற்கு முந்தின வாரம்கூட, குரல் கம்மிப்போய், பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு, படுக்கையிலிருந்து பேசினார். வேறு யாரையாவது செய்யச் சொல்லக்கூடாதா என்று நான் கடிந்துகொண்டேன்.

கடிந்துகொள்வது எனக்குப் புதிதில்லை. முதல் செவ்வாய்க்கிழமை அவர் போன் செய்தபோது நான் பேசிய பேச்சை இன்று நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. நோட்டு வேண்டாம், கம்ப்யூட்டர் போதும் என்று சொல்லித்தானே இதை எங்கள் தலையில் கட்டினீர்கள், இப்போது மறுபடி நோட்டை எடு என்றால் என்ன அர்த்தம், இதற்கு எங்கள் பழைய கணக்கப்பிள்ளையே தேவலையே என்று பொரிந்து தள்ளினேன். எதிர்முனையில் சத்தமே இல்லை. வைத்துவிட்டாரோ என்று நினைத்து "ஹலோ" என்றேன். "இருக்கேன்ணே. நீங்க திட்டி முடிங்க. முடிச்சதும் நோட்டை எடுங்க" என்றார். கிண்டலா நிஜமா என்று கண்டுபிடிக்க முடியாத குரல். நான் நோட்டை எடுத்தேன்.

நாலைந்து வாரம் இப்படியே போயிற்று. ஒரு நாள் அவரே ஸ்கூட்டரில் எங்கள் விடுதிக்கு வந்துவிட்டார். கறுப்பு புர்க்கா, தோளில் லேப்டாப் பை, கையில் தேநீர் ஃப்ளாஸ்க். எதற்காக வாராவாரம் உங்களைத் தொந்தரவு செய்கிறேன் என்று காட்டுகிறேன், வாருங்கள் என்று கூப்பிட்டார். கம்ப்யூட்டரில் எதையோ காட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் என்னை நளன் குளத்துக்கு நடத்திக்கொண்டு போனார். சனிக்கிழமைக் கூட்டம் வந்துபோன மறுநாள் அது. வந்தவர்கள் எல்லாம் தோஷம் கழிய எண்ணெய் தேய்த்து முழுகி, உடுத்தியிருந்த துணியைக் குளத்திலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். படியோரம் முழுக்க ஈரத் துணி மிதந்தது. புர்க்கா போட்ட பெண் கோயில் குளத்தடியில் நிற்கிறாரே, யாராவது ஏதாவது சொல்லிவிடப் போகிறார்களே என்று எனக்குத்தான் உதறல். அவர் அதைப் பற்றி நினைத்ததாகவே தெரியவில்லை.

"பாருங்கண்ணே. குளிச்சவங்க எல்லாம் ஊர் போய்ச் சேந்துட்டாங்க. துணி இங்கேயே கிடக்கு. நீங்க ரூமை மாத்தறீங்க, பேரைத் திருத்தறீங்க, வேணாம்னு அழிக்கறீங்க. திரையில போயிடுது. உள்ள போகல. பழைய வரி அப்படியே இடத்தை அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. அழிச்சதும் போயிடாதுண்ணே. அள்ளினாத்தான் போகும்." இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் எதையும் விளக்கியதில்லை.

குளத்தில் துணி அள்ளும் அம்மா ஒருவர் அப்போது கொக்கியால் ஒரு வேட்டியை இழுத்துக் கரையில் போட்டார். வண்டியில் எறிவதற்கு முன் அதன் முனையில் இருந்த முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். எதற்கு என்று சபூரா கேட்டார். சில சமயம் மோதிரத்தையோ சாவியையோ முடிந்து வைத்தபடியே மறந்து விட்டுவிடுகிறார்கள், பார்க்காமல் எறிந்தால் பாவம் என்றார் அந்த அம்மா. சபூராவுக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. திரும்பி வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து அவரும், அள்ளுவதற்கு முன்னால் அழிபட்ட வரிகளை ஒரு பார்வை பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டார். ஒரு முறை ஏதோ ஒரு விடுதியில் ஒரு வேன் நிறைய ஆட்களின் பதிவைக் கை தவறி அழித்துவிட்டார்கள். அவர்களே கவனிக்கவில்லை. இவர் பார்த்துவிட்டு, போன் செய்து எச்சரித்து, அதை மீட்டுக் கொடுத்தார். அந்த விடுதிக்காரர் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார், தலையாட்டுகிறார்.

நோன்பு மாதத்தில் அவர் குரல் மதியத்தில் காய்ந்துபோயிருக்கும். ஒரு தடவை, எனக்கே பாவமாக இருந்து, இந்த மாதம் மட்டும் விட்டுவிடக்கூடாதா என்று கேட்டேன். "நோன்பு எனக்குத்தாண்ணே, டேட்டாபேஸுக்கு இல்லையே" என்றார். மறுநாளே தன் ஊர்க்காரரான தனத்திடம் ஒரு தூக்கு நிறைய நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்பியிருந்தார். நாங்கள் நாலு பேர் குடித்தோம். திட்டிக்கொண்டே குடித்தேன் என்று தனம் இன்றும் சொல்வார்.

இதெல்லாம் உங்கள் ஒவ்வொருவரிடமும் இருக்கும் கதைகள்தான். நான் இன்றைக்கு எழுந்து நின்றது வேறொன்றைச் சொல்வதற்காக. நமக்குள் ஒரு கேலி உண்டு. எந்த விடுதியில் எது தாமதமானாலும், குழாய்க்காரர் வரத் தாமதமானால்கூட, "என்ன, சபூரா சனிக்கிழமையா?" என்போம். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை, கூட்டம் அலைமோதிய நேரத்தில், எல்லா விடுதிகளின் கம்ப்யூட்டரும் ஒரே சமயத்தில் நின்றுபோனதே, அந்தச் சனிக்கிழமை. அந்த வாரம் மட்டும் சபூரா செவ்வாய்க்கிழமை வேலையைச் செய்யவில்லை. இத்தனை வருஷத்தில் அவர் தவறியது அந்த ஒரு தடவை என்று நாம் பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் தவறவில்லை. ஏன் செய்யவில்லை என்பது அவருக்கும் எனக்கும்தான் தெரியும்.

என் மகளுக்கு அப்போது கும்பகோணம் பக்கத்தில் ஒரு வரன் கூடி வந்திருந்தது. நல்ல இடம், விட்டுவிடக் கூடாது என்று வீட்டில் எல்லோருக்கும் தவிப்பு. பையனின் அப்பா, சனிக்கிழமை தரிசனத்துக்குக் குடும்பத்தோடு வருகிறோம், உங்கள் விடுதியிலேயே தங்கிக்கொள்கிறோம் என்று வியாழக்கிழமை போன் செய்தார். அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆகி, படி ஏற முடியாது. எங்கள் விடுதியில் லிஃப்ட் கிடையாது. தரைத்தளத்தில் இருப்பது மூன்றாம் எண் அறை ஒன்றுதான். அதைத் திருப்பூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று முன்பே சொல்லி வைத்திருந்தது. பக்கவாதம் வந்த தகப்பனாரை அழைத்து வருகிறார்கள் என்று தனம்தான் போனில் கேட்டு, பதிவு ஏற்றியிருந்தார்.

அந்தப் பதிவை நான் அழித்தேன். ரத்து என்று போட்டால் முதலாளியின் வாரப் பட்டியலில் காரணத்தோடு வந்துவிடும் என்பதால், தப்பாக ஏறிய பதிவுகளுக்கென்று இருக்கும் 'அழி' பொத்தானை என் கடவுச்சொல்லில் அமுக்கினேன். திருப்பூர்க்காரர்களுக்குப் போன் செய்து ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று எண்ணம். அவர்களுடைய போன் எண்ணும் அந்த வரியிலேயே இருந்தது என்பது அழித்தபின்தான் உறைத்தது. முட்டாள்தனத்திலும் ஒரு அளவு வேண்டாமா?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வேனில் வந்து இறங்கினார்கள். சம்பந்தி ஆகப்போகிறவர் மூன்றாம் எண்ணில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். தனம் திரையில் தேடித் தேடிப் பார்க்கிறார், பதிவு இல்லை. நீங்கள்தானே பேசினீர்கள் என்று அந்த மகன் கேட்கிறார். ஆமாம், நான்தான் பேசினேன், ஏற்றினேன் என்கிறார் தனம். பெரியவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நான் உள்ளேயிருந்து வந்து, எங்கள் கம்ப்யூட்டரில் உங்கள் பெயரே இல்லையே என்று சொன்னேன். அவர்கள் கத்திவிட்டு வேறிடம் தேடிப் போனார்கள். போனவர்கள் முதலாளிக்குப் போன் செய்து கிழித்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டு, பதிவு ஏற்ற மறந்த பெண்ணை இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லிவிடு என்றார். நானும் வந்து சொன்னேன்.

"நான் ஏத்தினேன் சார், சத்தியமா ஏத்தினேன்" என்றார் தனம்.

"கம்ப்யூட்டர் பொய் சொல்லுமா தனம்?" என்று நான் கேட்டேன். இப்படிக் கேட்ட வாய் இது. கணவரை இழந்தவர், இந்த மேசையை நம்பித்தான் வீடு ஓடுகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும். கல்யாணப் பேச்சு முடியட்டும், அப்புறம் வேறெங்காவது வேலை வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திங்கட்கிழமை தனம் சபூராவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். நான் ஏற்றினேனா இல்லையா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, கொஞ்சம் பாருங்களேன் என்று கேட்டிருக்கிறார். பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாராம் சபூரா. மறுநாள் செவ்வாய். ரெண்டு மணிக்கு எந்த விடுதிக்கும் போன் வரவில்லை. ரெண்டே காலுக்கு என் செல்போன் அடித்தது.

"அண்ணே, தனியா இருக்கீங்களா?"

இருக்கிறேன் என்றேன்.

"மூணாம் நம்பர் வரி இன்னும் உள்ளதான் கிடக்கு. ஏத்தினவங்க பேரும் இருக்கு, அழிச்சவங்க பேரும் இருக்கு."

மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்தது. அப்படியும் திமிர் போகவில்லை. உங்கள் வேலை அள்ளுவதுதானே, அள்ளிவிட்டுப் போங்கள் என்றேன்.

"அள்ளிட்டா தனம் மறந்ததாவே ஆயிடும்ணே."

அப்படியானால் முதலாளியிடம் போய்ச் சொல்லிக்கொள்ளுங்கள் என்றேன்.

"அது உங்க லாட்ஜ் சாமான். கேக்காம நான் எடுத்து வெளியில காட்டக்கூடாது. காப்பி எடுத்து வெச்சா நானே எழுதிக்கிட்டேம்பாங்க. இருந்த இடத்துல இருந்தாத்தான் அதுக்கு மதிப்பு. நீங்க சொல்லுங்கண்ணே. சொன்ன அன்னைக்கு அள்ளிடறேன். அதுவரைக்கும் கிடக்கட்டும்."

எத்தனை நாளைக்கு என்று கேட்டேன். "இடம் இருக்கற வரைக்கும்" என்றார். மிரட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. என்மேல் ஏதோ நம்பிக்கை வைத்திருப்பவர் பேசுகிற மாதிரி இருந்தது, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

புதன், வியாழன் போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. சபூராவின் அலுவலகக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இடப் பற்றாக்குறை. வாராவாரம் அள்ளினால்தான் அடுத்த வாரத்தைத் தாங்கும். வெள்ளிக்கிழமை ஒரு பெயரை ஏற்ற மூன்று நிமிஷம் ஆயிற்று. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எல்லாத் திரையிலும் இடம் இல்லை என்று ஓர் அறிவிப்பு வந்து நின்றுவிட்டது. அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். பெட்டியும் படுக்கையுமாகத் தெருவரை வரிசை. நாம் அத்தனை பேரும் அவருக்குப் போன் செய்து திட்டினோம். எல்லோரையும்விட அதிகமாகத் திட்டியது நான். நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, வாங்குகிற சம்பளத்துக்கு வாரம் ஒரு முறை குப்பை அள்ளக்கூட வக்கில்லையா என்று கேட்டேன். யாருக்காக அள்ளாமல் வைத்திருக்கிறார் என்று தெரிந்துகொண்டே கேட்டேன்.

"நோட்டுல எழுதுங்கண்ணே. மத்தியானத்துக்குள்ள ஏதாவது பண்றேன்" என்றார். சொன்னபடி, பழைய அறிக்கைகள் எதையெதையோ ஒதுக்கிக் கொஞ்சம் இடம் பண்ணி, மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் ஓடவைத்தார். அப்போதும் அந்த ஒரு வரியைத் தொடவில்லை. நான் பேசி முடித்ததும் தனம் போனை வாங்கி ஏதோ பேசினார். நான் கவனிக்கவில்லை.

என்னை உடைத்தது அதற்குப் பிறகு நடந்த சின்ன விஷயம். கூட்டத்தைச் சமாளிக்க நானும் தனமும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஆளுக்கொரு நோட்டில் எழுதினோம். தனம் ஒவ்வொரு பெயரையும் எழுதியபின், அதை உரக்கப் படித்து, வந்தவரையே பார்க்கச் சொல்லி, பக்கத்தில் அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொண்டிருந்தார். வரிசை நகரவே இல்லை. எதற்கு இதெல்லாம், சீக்கிரம் எழுதுங்கள் என்று அதட்டினேன். நிமிர்ந்து பார்க்காமல், "நாளைக்கு இதையும் நான் எழுதலைன்னு சொல்லுவாங்க சார்" என்றார். அதற்குமேல் என் பேனா ஓடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காரைக்காலில் முதலாளி வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். வேடிக்கை என்னவென்றால், அவர் நம்பவில்லை. அந்தப் பெண்மேல் இரக்கப்பட்டுப் பழியை நீ ஏற்றுக்கொள்கிறாய், போய் வேலையைப் பார் என்றார். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. கடைசியில் அவரையே அந்தக் கடைமாடிக்கு அழைத்துக்கொண்டு போனேன். விடுமுறை நாளிலும் சபூரா வந்து உட்கார்ந்திருந்தார். முதலாளி கேட்டதும் திரையை அவர் பக்கம் திருப்பினார். ஒரே ஒரு வரி. ஏற்றியவர் தனலட்சுமி. அழித்தவர் நடேசன். முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு என்னைப் பார்த்து அவர் சொன்னவற்றை இந்தச் சபையில் சொல்ல முடியாது.

அவர் படியிறங்கிப் போனதும் நான் சபூராவிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் ஃப்ளாஸ்க்கைத் திறந்து அதன் மூடியில் எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். "அள்ளிடலாமாண்ணே?" என்று கேட்டார். தலையாட்டினேன். போனை எடுத்தார். அந்த ஞாயிறு ரெண்டு மணிக்கு உங்கள் எல்லோருக்கும் வந்ததே, வழக்கமில்லாத நாளில் என்ன இது என்று நீங்கள் மறுபடியும் திட்டினீர்களே, அந்தப் போன் அதுதான். "நோட்டை எடுங்கண்ணே, ஒரு மணி நேரம்" என்று அவர் ஒவ்வொருவரிடமும் சொல்வதைக் கேட்டபடி நான் அந்தத் தேநீரைக் குடித்தேன்.

தனத்தின் வேலை தங்கியது. நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஒரு மாதம் வேலை தவிர வேறு பேச்சு பேசவில்லை அவர், அது நியாயம்தான். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் விடுதியில் 'அழி' பொத்தான் தனத்தின் கடவுச்சொல்லுக்கு மட்டும்தான் வேலை செய்யும். நான் மேனேஜர், ஒரு எழுத்தை அழிக்க வேண்டுமென்றாலும் அவரிடம் போய் நிற்க வேண்டும். என் மகள் கல்யாணமும் அந்த இடத்திலேயே நல்லபடியாக நடந்தது. சபூரா வந்திருந்தார். காலை நீட்டி உட்கார்ந்திருந்த சம்பந்தியைக் கண்ணால் காட்டி, என் காதருகில் வந்து, "இவங்கதானாண்ணே மூணாம் நம்பரு?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்த விஷயத்தை அவர் வாயெடுத்துச் சொன்னது அந்த ஒரு முறைதான்.

என் குற்றம் அத்தோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். விடுதியின் பெயர் கெடும் என்று முதலாளி வெளியில் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. நீங்கள் "சபூரா சனிக்கிழமை" என்று சிரித்தபோது நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் எதிரிலேயே சிரித்திருக்கிறேன். அவரும் சிரிப்பார்.

அடக்கத்துக்கு ஜனாஸாவைத் தூக்கிச் சென்றவர்களோடு மையவாடிவரை நடந்துபோனேன். திரும்பும்போது அவருடன் வேலை பார்த்தவர் ஒருவர் என்னோடு பேசிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷத்தில் அவர்மேல் எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு குறைதான் எழுத்தில் இருக்கிறது, உங்களுக்கும் தெரிந்திருக்கும், அந்தச் சனிக்கிழமை என்றார். நிர்வாகம் விளக்கம் கேட்டதாம். ஒரு தாளில் "என் கவனக்குறைவு" என்று இரண்டே சொல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம். அந்தத் தாள் இன்னும் கோப்பில் இருக்கிறதாம். இதை அவர் பாசத்தோடுதான் சொன்னார். எனக்கு நடுத்தெருவில் அழுகை வந்துவிட்டது.

இதை இந்தக் கூட்டத்தில் சொல்லலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். சொல்லிவிடு என்றார். இந்த உரையை எழுதி முடித்ததும் முதலில் தனத்திடம்தான் கொடுத்தேன். அழித்தது நான் என்று அவருக்குத் தெரியும். சபூரா ஐந்து நாள் அள்ளாமல் காத்திருந்தார் என்பதும், அந்தச் சனிக்கிழமை அதனால்தான் வந்தது என்பதும் தெரியாது. மேசையில் உட்கார்ந்தபடியே படித்தார். தாளை மடித்து என்னிடம் நீட்டினார்.

"அன்னைக்கு நானும் போனை வாங்கித் திட்டினேன் சார். உங்களால எங்க மானம் போவுதும்மான்னு கேட்டேன்." நான் தாளை வாங்கிக்கொண்டதும், "அப்பவும் அவங்க சொல்லலியே" என்றார்.

நேற்றுச் செவ்வாய்க்கிழமை. இனிமேல் அந்த வேலையைக் கம்ப்யூட்டரே தானாகச் செய்துகொள்ளும், யாரும் நோட்டை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ரெண்டு மணிக்குப் போன் வரவில்லை. தனம் எழுந்துபோய் அலமாரியிலிருந்து நீள நோட்டை எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் வந்தார்கள். மூன்று பெயரையும் நோட்டில் எழுதினோம்.

சபூராவிடமிருந்து எனக்கு மிச்சம் இந்த நோட்டும் ஒரு சனிக்கிழமையும். நோட்டை நானும் தனமும் பொதுவில் வைத்துக்கொள்கிறோம். அவருடைய அலுவலகத்தார் யாரும் இங்கே இருந்தால், கோப்பிலுள்ள அந்தத் தாளோடு இந்தத் தாளையும் சேர்த்து வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சனிக்கிழமை என்னுடையது. இனி அதைச் சொல்லிச் சிரிக்கும்போது, நடேசன் சனிக்கிழமை என்று சொல்லுங்கள்.